நூறு டாலர் எழுத்து

தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் அந்த உறை பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. பிரித்தால் உள்ளே ஆறு இலக்க எண் ஒன்று. அனுப்பியவர் கூகுள். வலைப்பூ எழுதிச் சம்பாதிக்கலாம் என்று கிளம்பியவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது, “பின் வந்துடுச்சா?” என்பதுதான். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உறை கிளம்புகிறது. வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணை உள்ளிட்டு முகவரியை உறுதி செய்யாவிட்டால், பக்கத்தில் விளம்பரம் ஓடுவது நின்றுபோகும். ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வைத்திருக்கும் சென்னையிலும், இன்னார் வீடு என்று சொன்னால்தான் தபால் வந்து சேரும் கிராமத்திலும் இந்த உறை படும் பாடு தனிக்கதை.

பின் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி 100 டாலர். அந்தத் தொகை சேரும்வரை கூகுள் பணம் அனுப்பாது. சேர்ந்துவிட்டால், அடுத்த மாதம் 21-ஆம் தேதியிலிருந்து 26-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடும். இப்போது நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது. முன்பு காசோலையாக வந்தது. அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் பதிவில் போட்டவர்கள் அந்நாளில் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பக்கம் ஒன்றை ஆயிரம் பேர் பார்த்தால் அரை டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்காக எடுத்துக்கொண்ட தொகைதான். எழுதும் பொருளைப் பொறுத்தும் பார்ப்பவரின் ஊரைப் பொறுத்தும் இது ஏறும், இறங்கும். இந்தக் கணக்கில் 100 டாலர் சேர 2 லட்சம் பார்வை வேண்டும். மாதம் 20 பதிவு எழுதுகிறவர் என்றால் ஒவ்வொன்றும் 10,000 முறை படிக்கப்பட வேண்டும். தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு எத்தனை பிரதி அச்சாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணின் எடை புரியும்.

ஆகவே, வலைப்பூ எழுதினால் பணம் வருமா என்று கேட்டால், வரும். ஆனால் எழுத்தின் அழகுக்காக வருவது அபூர்வம். அந்த எழுத்தை யார், எந்த அவசரத்தில் தேடி வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் வருகிறது. பதிவர்கள் பலர் இதைக் காலம் கடந்துதான் கண்டுகொண்டார்கள்.

*பின்னூட்டமே சன்மானம்*

வலைப்பூ எழுத இடம் தரும் பிளாக்கர் சேவை 1999-இல் பிறந்தது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டில்தான் ஆட்சென்ஸும் வந்தது. தமிழில் வலைப்பதிவு முளைவிட்டதும் ஏறக்குறைய அப்போதுதான். கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறை திஸ்கியா யூனிகோடா என்ற சண்டை ஓயாத காலம். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, எழுத்துரு தெரியாத கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவதைச் சபித்துக்கொண்டே எழுதினார்கள். 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். யார் புதிதாக என்ன எழுதினாலும் ஒரே இடத்தில் தெரிந்தது. எழுதுகிறவர்களுக்கு அது ஊர்ச்சாவடி போல ஆனது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதுவார், யாழ்ப்பாணத்துக்காரர் கனடாவிலிருந்து பதில் போடுவார், மதுரையிலிருந்து ஒருவர் இருவரையும் வம்புக்கு இழுப்பார்.

அங்கே நாணயமாகப் புழங்கியது பின்னூட்டம். நூறு பின்னூட்டம் வாங்கிய பதிவு என்றால் மறுநாள் அதன் ஆசிரியர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். பணம் பற்றிப் பேச்சே இல்லாமல் இல்லை. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். சிலர் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு வலைப்பூ தொடங்கி அனுமதி வாங்கினார்கள். அந்த விளம்பரத் துண்டை அப்படியே தமிழ்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கூகுளின் எந்திரத்துக்குப் புரியாததால், கைம்மாறு இல்லாத பொதுநல விளம்பரம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று. விதிமீறல் என்று கணக்கே முடங்கிப்போனவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு பக்கம் நண்பர்களின் அன்பு. “உன் பிளாக்ல பத்து தடவை விளம்பரத்தைக் கிளிக் பண்ணிட்டேன் மச்சி” என்று ஆசையாகச் சொல்லும் நண்பன் ஒருவன் போதும். போலிக் கிளிக் என்று கூகுள் கணக்கை மூடும், சேர்ந்திருந்த தொகையை விளம்பரதாரருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். மேல்முறையீடு உண்டு, ஆனால் போன கணக்கு திரும்பி வருவது அரிது.

2017 ஏப்ரலில் கூகுளும் கே.பி.எம்.ஜி. நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2016-இல் இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் 17.5 கோடி என்றது அது. இணையத்தை ஏற்றுக்கொண்ட விகிதத்தில் இந்திய மொழிகளிலேயே தமிழர்தான் முதலிடம், 42 விழுக்காடு என்றும் சொன்னது. அப்படிச் சொன்ன கூகுளின் ஆட்சென்ஸ் அன்றைக்குத் தமிழை ஏற்றிருக்கவில்லை. இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்த இடம் தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதற்குள் பதிவர்களில் பெரும்பாலோர் கடையைக் கட்டிக்கொண்டு முகநூலுக்குப் போய்விட்டிருந்தார்கள். பந்தியில் இலை போட்டபோது உட்கார ஆள் குறைவு.

*ஏலத்தில் தமிழின் விலை*

கதவு திறந்த பிறகும் வருமானம் கொட்டிவிடவில்லை. காரணம், விளம்பரத்துக்கு நடக்கும் ஏலம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் நொடியில், அந்தக் கட்டத்தை யார் எவ்வளவுக்குக் கேட்கிறார்கள் என்று எந்திரங்களுக்குள் போட்டி நடந்து முடிந்துவிடுகிறது. வீட்டுக் கடன், காப்பீடு, வெளிநாட்டுப் படிப்பு, மென்பொருள் ஆகியவற்றை விற்கிறவர்கள் அதிகம் கேட்பார்கள், ஏனென்றால் ஒரு வாடிக்கையாளர் சிக்கினால் அவர்களுக்குப் பல ஆயிரம் லாபம். அந்த விற்பனையாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களில் நிற்கிறார்கள். தமிழில் பெரிதாக விளம்பரம் செய்கிறவர்கள் யார்? நகைக்கடை, பட்டுக்கடை, மனை விற்பவர். அவர்கள் பணத்தைக் கொட்டுவது தொலைக்காட்சியிலும் நாளிதழின் முதல் பக்கத்திலும் சாலையோரப் பதாகையிலும். வாசகர் இருக்கிறார், ஏலம் கேட்க ஆள் குறைவு. தமிழ்ப் பதிவரின் வரும்படி மெலிந்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம். தமிழன் காசு கொடுத்துப் படிக்க மாட்டான் என்று புலம்புவது எளிது. இங்கே படிக்கிறவர் காசு கொடுக்க வேண்டியதே இல்லை என்பதை அந்தப் புலம்பல் மறந்துவிடுகிறது.

விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு தளம் நடத்துபவருக்கு என்று கூகுள் 2010-இல் வெளிப்படுத்தியது. 2024-இல் கணக்கிடும் முறையை மாற்றியது. கிளிக்குக்குக் காசு என்ற பழைய வழி போய், எத்தனை முறை விளம்பரம் காட்டப்பட்டது என்பதற்குக் காசு என்றானது. தளம் நடத்துபவருக்கு வரும் பங்கு மொத்தத்தில் மாறாது என்றது. பதிவர்கள் அதற்குப் பிறகும் மாதக்கடைசியில் அறிக்கையைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பண்டிகைக் காலத்தில் விலை ஏறும், ஜனவரி பிறந்ததும் விழும்.

இந்த ஏலத்தின் போக்கைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர்கள் சமையல் எழுதியவர்கள். கண்ணம்மா குக்ஸ், ராக்ஸ் கிச்சன், பாதுஸ் கிச்சன், ஷர்மிஸ் பேஷன்ஸ் ஆகிய தளங்களைத் திறந்து பாருங்கள். வற்றல் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம், கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு சாதம் எல்லாம் இருக்கும். எழுத்து மட்டும் ஆங்கிலம். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியாது, அம்மாவுக்கு அப்போது நடுராத்திரி. அவள் தேடும் மொழி ஆங்கிலம். அவள் பார்க்கும் பக்கத்துக்கு ஏலம் கேட்பது அமெரிக்கக் கடை. அதே மோர்க்குழம்பைத் தமிழில் எழுதினால் கிடைப்பதும் இதுவும் மலைக்கும் மடுவுக்கும். குறிப்புக்கு முன்னால் பாட்டி வீட்டு முற்றம் பற்றி நான்கு பத்தி ஓடுவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அந்த நான்கு பத்திக்கு நடுவில்தான் விளம்பரம் நிற்கிறது. பாட்டியின் சம்பாத்தியம் என்றே சொல்லலாம்.

இப்படி வளர்ந்த தளங்கள் ஒரு கட்டத்தில் ஆட்சென்ஸை விட்டுவிட்டு மீடியாவைன் போன்ற விளம்பர நிறுவனங்களை நாடுகின்றன. அவர்கள் நேரடியாகப் பெரிய விளம்பரதாரர்களைப் பிடிப்பதால் கூடுதலாகத் தர முடிகிறது. ஆனால் வாசலிலேயே அளவுகோல் வைத்திருப்பார்கள். மாதம் 50,000 வருகை இருந்தால்தான் உள்ளே என்பது பல வருடம் மீடியாவைனின் நிபந்தனையாக இருந்தது. வருகிறவர்கள் எந்த நாட்டுக்காரர் என்பதும் கணக்கில் உண்டு.

*வாத்தியார்களின் வலை*

தமிழிலேயே எழுதி, தமிழ்நாட்டு வாசகரையே வைத்து, பெருங்கூட்டத்தைக் கூட்டிய தளங்கள் எவை என்று இலக்கியவாதிகளிடம் கேட்டால் பதில் கிடைக்காது. பள்ளி ஆசிரியர் ஓய்வறையில் கேட்க வேண்டும். கல்விச்செய்தி, பாடசாலை, ஆசிரியர் என்ற பெயர்களில் இயங்கும் தளங்களை அறியாத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். இவற்றின் வடிவமைப்பைப் பார்த்தால் கண் கூசும். நகரும் எழுத்து, சிவப்புப் பட்டை, மஞ்சளில் ‘புதியது’ என்று மின்னும் முத்திரை. வலைப்பூவாகப் பிறந்தவை என்பதை அந்தத் தோற்றமே சொல்லிவிடும்.

இவற்றின் சரக்கு என்ன? பள்ளிக் கல்வி இயக்குநரின் செயல்முறைகள், அகவிலைப்படி அரசாணை, பணிமாறுதல் கலந்தாய்வுத் தேதி, பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள், விடைக்குறிப்பு, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பாடக்குறிப்பு, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இன்றைக்கு என்ன பதிவேற்ற வேண்டும் என்ற விவரம். ஒரு வரிகூட இலக்கியம் கிடையாது. ஆனால் மாலை நான்கு மணிக்குக் கையெழுத்தான ஒரு சுற்றறிக்கை ஐந்து மணிக்கு இங்கே ஏறிவிடும். இரவு சாப்பாட்டுக்கு முன் மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் படித்து முடித்திருப்பார்கள்.

இந்தத் தளங்கள் பெருகிய காலத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக 2012-இல் நடந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மறுதேர்வு, மதிப்பெண் தளர்வு, அதை எதிர்த்து வழக்கு, தீர்ப்பு, மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கான பட்டதாரிகள் ஒரே கேள்வியோடு விழித்தார்கள்: இன்றைக்கு ஏதாவது வந்ததா? நாளிதழ் மறுநாள் காலையில் சொல்லும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் கைப்பேசியைத் திறந்தார்கள். அதே தேர்வு 2025 செப்டம்பரில் மறுபடியும் தலைப்புச் செய்தியானது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இத்தேர்வில் தேறியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். இருபது வருடம் பாடம் எடுத்தவர்கள் பழைய வினாத்தாளைத் தேடத் தொடங்கினார்கள்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசுப் பணித் தேர்வு இன்னொரு பெருங்கடல். 2022-இல் அதற்கு விண்ணப்பித்தவர்கள் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். நுழைவுச்சீட்டு வரும் நாள், தேர்வு முடிந்த மாலை, உத்தேச விடை வெளியாகும் நாள், முடிவு வரும் நாள் என்று ஒரே தேர்வு நான்கு முறை கூட்டம் சேர்க்கும். மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவு வரும் காலைப்பொழுது அரசுத் தளம் திணறும்போது, முடிவு பார்க்க இணைப்பு எங்கே என்று தேடுகிறவர்கள் இந்தப் பதிவுகளில்தான் வந்து விழுகிறார்கள். ஏலத்தில் விலை குறைவாக இருந்தாலும் கூட்டத்தின் அளவே அதை ஈடுகட்டிவிடுகிறது.

இதிலும் சங்கடங்கள் உண்டு. அரசு ஊழியராக இருப்பவர் தன் பெயரில் இப்படி ஒரு வருமானம் பார்க்க முடியுமா என்பது முதலாவது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973, முன் அனுமதி இல்லாமல் வேறு தொழில் செய்வதைத் தடுக்கின்றன. எப்போதாவது எழுதும் கதை, கட்டுரை வேறு, தினமும் விளம்பரம் ஓடும் தளம் வேறு. இரண்டாவது சங்கடம் வாட்ஸ்ஆப். ஒருவர் தளத்துக்கு வந்து பி.டி.எஃப். கோப்பை இறக்கினால் போதும், அதற்குப் பிறகு அது குழுக்களில் பறக்கும், தளத்துக்கு ஒரு பைசா கிடையாது. அதனால்தான் கோப்பை நேராகத் தராமல், இங்கே சொடுக்கவும், மறுபடி இங்கே சொடுக்கவும் என்று மூன்று பக்கம் அலையவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மறுநாள் பாடக்குறிப்பைத் தேடும் ஆசிரியர் வாய்க்குள் என்ன சொல்லிக்கொள்வார் என்பதை இங்கே அச்சிட முடியாது.

*விளம்பரம் அல்லாத வழிகள்*

ஆட்சென்ஸை நம்பாமல் பிழைத்தவர்களின் கதை வேறு. இந்தியாவில் வலைப்பதிவை முழுநேரத் தொழிலாக்கிய முன்னோடி என்று சொல்லப்படும் அமித் அகர்வால், ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் கணினி படித்தவர். 2004-இல் வேலையை விட்டுவிட்டு டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன் என்ற தளத்தைத் தொடங்கினார். ஜிமெயிலை எப்படிப் பயன்படுத்துவது, கூகுள் ஷீட்டில் இதை எப்படிச் செய்வது என்றுதான் எழுதினார். படிக்கிறவர்கள் திரும்பத் திரும்ப எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அந்த எழுத்தின் மூலமே அவருக்குத் தெரிந்தது. அதற்கான சிறுசிறு மென்பொருள்களைத் தானே எழுதினார். இன்று அவருடைய பெயர் அந்த மென்பொருள்களுக்காக அறியப்படுகிறது.

தமிழில் இதற்கு இணையாக நடந்தது சினிமாவிலும் பதிப்பிலும். கேபிள் சங்கர் சினிமாவையும் சாப்பாட்டையும் எழுதிக் குவித்தவர், 2015-இல் ‘தொட்டால் தொடரும்’ படத்தை இயக்கினார். பத்ரி சேஷாத்ரி பதிவர், கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவர். பதிவர்கள் பலரின் எழுத்து அந்த வழியாகப் புத்தகமானது. ஜெயமோகன் 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 26 நாவல்களாகத் தன் தளத்தில் நாள்தோறும் இலவசமாக எழுதினார். வீட்டுச் செலவுக்குத் திரைக்கதை எழுத்து இருந்தது. தளத்தில் படித்துப் பழகியவர்களே புத்தகமும் வாங்கினார்கள். சாரு நிவேதிதா இன்னொரு முனை. எழுதுகிறேன், படிக்கிறீர்கள், பணம் அனுப்புங்கள் என்று தன் தளத்திலேயே வெளிப்படையாகக் கேட்டார். கேலி செய்தவர்கள் ஏராளம். கேட்காமலேயே கசப்போடு எழுதுவதை நிறுத்தியவர்கள் அதைவிட ஏராளம் என்பதால், அவர் செய்தது எனக்குக் கௌரவமான காரியமாகவே படுகிறது.

மின்னூல் ஒரு வழி திறந்தது. அமேசான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்தது. பழைய பதிவுகளைத் தொகுத்து, அட்டைப்படம் ஒன்று போட்டு ஏற்றியவர்கள் பலர். விற்பனை விலையில் திட்டத்தைப் பொறுத்து 35 அல்லது 70 விழுக்காடு எழுத்தாளருக்கு. சந்தாதாரர்கள் படித்தால் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு தொகை. பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதிலிபி இன்னொரு சந்தை. அங்கே தொடர்கதை எழுதும் பெண்களின் வாசகர் கூட்டத்தைப் பார்த்தால், வார இதழ்களின் தொடர்கதை எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சந்தா வாங்கி மடல் அனுப்பும் முறை அமெரிக்காவில் சப்ஸ்டாக் மூலம் பெரிதானது. 2017-இல் தொடங்கிய அந்த நிறுவனம் சந்தாவில் 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இந்திய எழுத்தாளருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. சப்ஸ்டாக் பணம் வாங்குவது ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்றச் சேவை மூலமாக. ஸ்ட்ரைப் 2024-இல் இந்தியாவில் புதியவர்களை அழைப்பின் பேரில் மட்டுமே சேர்ப்பது என்று முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முறைக்குக் கடுமையான விதி கொண்டுவந்தபோது பல சந்தாக்கள் அறுந்தன. நம்மூரில் மிஞ்சியது யு.பி.ஐ. கட்டுரையின் கடைசியில் ஒரு க்யூ.ஆர். கட்டம். இலங்கைத் தமிழ்ப் பதிவர்களின் பாடு இன்னும் கஷ்டம். பேபால் வழியாகப் பணம் அனுப்ப முடியும், பெற முடியாது என்ற நிலை அங்கே நெடுங்காலம் இருந்தது.

பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குவது பற்றி நிறையப் பேசப்படுகிறது. அமேசான் இணைப்பைச் சொடுக்கிய வாசகர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் பதிவருக்குப் பங்கு. செல்போன் பார்க்கப் போனவர் கடைசியில் சலவைத்தூள் வாங்கினாலும் கணக்குதான். இதிலும், நிறுவனங்கள் காசு கொடுத்து எழுதச் சொல்வதிலும் ஒரு சட்டச் சிக்கலைப் பதிவர்கள் கண்டுகொள்வதில்லை. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்தால் அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. மிக்ஸி இலவசமாக வந்தாலும் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலையிலிருந்து அதற்கு வரிப்பிடித்தம் உண்டு.

இந்த வழிகளையெல்லாம்விட வேகமாகப் பணம் பார்த்த கூட்டம் ஒன்று இருக்கிறது. வலைப்பூ எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பவர்கள். திரையில் ஆட்சென்ஸ் அறிக்கையின் படம், பின்னால் ஒரு கார், ‘இன்னும் மூன்று இடம் மட்டுமே’ என்ற எச்சரிக்கை. வகுப்பில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி கூகுளின் உதவிப் பக்கங்களிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சேர நினைப்பவர்கள், அந்த ஆசிரியர் வேறு எந்தப் பொருளைப் பற்றியாவது வலைப்பூ எழுதி ஓட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. பலரிடம் வகுப்பைப் பற்றிய வலைப்பூ மட்டுமே இருக்கும்.

*வங்கிக் கிளையில் ஒரு படிவம்*

பணம் சிங்கப்பூரில் உள்ள கூகுள் ஆசியா பசிபிக் நிறுவனத்திடமிருந்து அந்நியச் செலாவணியாக வருகிறது. அதனால் முதல் முறை வங்கிக் கிளையிலிருந்து போன் வரலாம். எதற்காக வந்த பணம், பர்ப்பஸ் கோட் என்ன என்பார்கள். விளம்பரச் சேவைக்கான குறியீடு பி1007. சின்ன ஊர்க் கிளை என்றால் மேலாளருக்கே விளக்க வேண்டியிருக்கும். பணம் வந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் உதவும். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை இது சேவை ஏற்றுமதி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு தேவைப்படாது. வருமான வரியில் இது தொழில் வருமானம், டொமைன் கட்டணம், இணையக் கட்டணம், கணினியின் தேய்மானம் ஆகியவற்றைக் கழித்துக் காட்டலாம். மாணவரின் கணக்கில் வந்தாலும் வரி விதி ஒன்றுதான். 18 வயது நிரம்பாதவர் ஆட்சென்ஸில் சேரவே முடியாது.

*தேடினால் வருவார்களா?*

இத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: மக்கள் கூகுளில் தேடுவார்கள், தேடினால் நம் பக்கத்துக்கு வருவார்கள். அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது, இது முதல்முறை இல்லை. 2011-இல் பாண்டா என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றம், அரைகுறைக் கட்டுரைகளைக் குவித்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2022-இலும் 2023-இலும் வந்த மாற்றங்களில், ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த சிறு தளங்களும் சேர்ந்து அடிபட்டன. ராத்திரி படுக்கும்போது இருந்த வருகை காலையில் பாதியாகும், காரணம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும், தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வந்தது. இந்தியாவில் முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும். அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் 2025-இல் ஆராய்ந்தது. சுருக்கம் தெரிந்த தேடல்களில் 8 விழுக்காட்டில் மட்டுமே மக்கள் கீழே உள்ள இணைப்பைச் சொடுக்கினார்கள். சுருக்கம் இல்லாதபோது அது 15 விழுக்காடு. அமெரிக்க வாசகரை நம்பி மோர்க்குழம்பு எழுதும் ஆங்கிலத் தளத்துக்கு இந்தச் சூடு ஏற்கெனவே உறைத்துவிட்டது. எத்தனை கப் தயிர், எத்தனை மிளகாய் என்பதை எந்திரமே சொல்லிவிட்டால், பாட்டி வீட்டு முற்றத்துக்கு யார் போவார்கள்?

சமையல் தளங்கள் வீடியோவுக்குத் தாவியிருக்கின்றன, தங்கள் பெயரிலேயே பொடி விற்கின்றன, அச்சுப் புத்தகம் போடுகின்றன. பொது அறிவு, உடல்நலக் குறிப்பு, தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்று எங்கேயும் கிடைப்பதை எழுதி ஓட்டியவர்களுக்கு மாற்று எதுவும் தெரியவில்லை. அவர்களில் சிலர் இப்போது எந்திரத்தை வைத்தே கட்டுரை எழுதி ஏற்றுகிறார்கள். எந்திரம் எழுதியதை இன்னொரு எந்திரம் சுருக்கித் தருகிறது. நடுவில் விளம்பரம் பார்க்க மனிதர் வேண்டுமே என்பது மட்டும்தான் பாக்கி.

வாத்தியார்களின் வலைக்கு இன்னும் அந்த அளவு அடி விழவில்லை. இன்று மதியம் கையெழுத்தான செயல்முறையை எந்திரம் அறிந்திருக்க வழியில்லை, யாராவது ஒருவர் அதை வருடி ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு சில மணி நேரம் கூட்டம் இவர்களுடையது. அதற்குள் வந்தவர்களுக்கு விளம்பரம் காட்டியாக வேண்டும், வாட்ஸ்ஆப் குழுக்கள் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன்னால். அதனால் பல தளங்கள் தாங்களே வாட்ஸ்ஆப் சேனலும் டெலிகிராம் குழுவும் தொடங்கி, கோப்புக்குப் பதிலாக இணைப்பை மட்டும் அனுப்புகின்றன. அடுத்த கலந்தாய்வு அறிவிப்பு வரும் மாலையில் அந்த இணைப்பைச் சொடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்திருக்கிறது அந்த மாதத்தின் நூறு டாலர்.